மிச்ச மாத்திரை

எங்கள் சட்டைக் கம்பெனியில் என் அண்ணிக்கு டிஸ்பென்சரி என்று பட்டப்பெயர். யார் வைத்தது என்று தெரியாது. வைத்தவள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும், அத்தனை பொருத்தம். தலைவலி என்றாலும் அவரிடம்தான் போவார்கள், விரலில் ஊசி ஏறினாலும் அவரிடம்தான், புருஷனோடு சண்டை போட்டுவிட்டு வந்து அழுவதற்கும் அவரிடம்தான். கையில் இருக்கும் சட்டையைக் கீழே வைக்காமலே அண்ணி எல்லாவற்றுக்கும் வைத்தியம் சொல்வார்.

எங்களுடையது நாலாவது லைன். முதல் மெஷினில் காலர், அடுத்து தோள், அடுத்து கை, நடுவில் நான் பாக்கெட் வைப்பேன், கடைசியில் பொத்தான். அதற்கும் பின்னால் டியூப்லைட்டுக்கு நேர் கீழே ஒரு மேஜை. அங்கேதான் அண்ணி நிற்பார். சட்டையை உதறிப் பிரித்து, பிசிறு நூலைச் சின்னக் கத்தரியால் வெட்டி, பொத்தான் துளையில் விரலை விட்டுப் பார்த்து, தையல் கோணலாக இருந்தால் தைத்தவளுக்கே திருப்பி அனுப்புவார். நாத்தனார் என்று எனக்குச் சலுகை எல்லாம் கிடையாது. என் பாக்கெட்டுகள் அவரிடமிருந்து திரும்பி வந்த அளவுக்கு வேறு யாருடையதும் வந்ததில்லை.

இப்போது சொல்லப்போவது சொல்லக் கூசுகிற விஷயம்தான். ஆனால் கூசிக் கூசியே எங்கள் குடி கெட்டது, அதனால் சொல்கிறேன். லைன் முழுவதற்கும் கழிவறைக்குப் போக ஒரே ஒரு டோக்கன். உள்ளங்கை அகலப் பிளாஸ்டிக் அட்டை, தூணில் ஆணியில் தொங்கும். அது ஆணியில் இருந்தால் எழுந்திருக்கலாம், இல்லையென்றால் அடக்கிக்கொண்டு தைக்க வேண்டும். எடுத்துக்கொண்டு போனவள் கொஞ்சம் தாமதித்தால் சூப்பர்வைசர் விசில் ஊதுவார். அவருக்கு நாங்கள் வைத்த பெயரும் விசில்தான். முப்பது பெண்கள், ஒரு டோக்கன், ஒரு விசில். இதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி தண்ணீர் குடிக்காமல் இருப்பது. ஒவ்வொரு மெஷினுக்கும் கீழே ஒரு தண்ணீர் பாட்டில் இருக்கும், காலையில் வைத்தபடியே மாலையில் வீட்டுக்குத் திரும்பும்.

தண்ணீர் குடிக்காமல், வந்ததையும் அடக்கி உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்று உடம்பு தன் பாஷையில் சொல்லும். சிறுநீர் போகும்போது நெருப்பாக எரியும். எங்கள் லைனில் யாருக்காவது முகம் கோணினால் பக்கத்து மெஷின்காரி தலையைத் திருப்பாமலே கேட்பாள், "எரியுதாடி?" அவள் தலையாட்டினால் போதும். செய்தி கைமாறி அண்ணியின் மேஜைக்குப் போய்ச் சேர்ந்துவிடும்.

அண்ணியிடம் ஊசி வைக்கிற தகரடப்பா ஒன்று இருந்தது. அதில் ஊசி இல்லை, மாத்திரை. முதன்முதலில் அது ஒழுங்காகத்தான் தொடங்கியது. அண்ணிக்கே எரிச்சல் வந்து, டாக்டரைப் பார்த்து, டாக்டர் ஒரு முழு அட்டை எழுதிக் கொடுத்து, எல்லாவற்றையும் சாப்பிட்டு முடிக்கச் சொல்லியிருந்தார். இரண்டாம் நாளே எரிச்சல் நின்றுவிட்டது. நின்ற பிறகு மாத்திரையை விழுங்குவது அண்ணியின் கணக்கில் வீண். மிச்சத்தை டப்பாவில் போட்டார். அடுத்த வாரம் காலர்காரிக்கு எரிந்தது, எடுத்துக் கொடுத்தார். தீர்ந்தபோது பழைய அட்டையைக் கொண்டுபோய் மருந்துக்கடையில் காட்டினார், சீட்டு கேட்காமல் கொடுத்தார்கள். அதில் சிப்ரோ என்று பெயர் போட்டிருக்கும். நாங்கள் எரிச்சல் மாத்திரை என்போம்.

அந்த டப்பாவுக்கு ஒரு சட்டம் இருந்தது. எரிச்சல் நின்றதும் மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வாங்கியவள் ஒன்றில் நின்றுவிட்டால் மற்றதைக் கொண்டுவந்து மேஜையில் வைப்பாள். ஒன்றரை சாப்பிட்டவள் அரையைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவருவாள். நின்ற பிறகும் சாப்பிடுகிறவளை மற்றவர்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள், அடுத்தவள் எரிந்து சாகிறாள், இவளுக்கு ஆசையைப் பார் என்று. நானும் வாங்கியிருக்கிறேன், திருப்பியும் கொடுத்திருக்கிறேன். திருப்பிக் கொடுக்கும்போது ஒரு பெருமை வேறு. முப்பது பேரில் ஒருத்திகூட ஏமாற்றியதில்லை. எங்களைப் போல யோக்கியமாக யாரும் இருக்க முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

அண்ணியின் ஒரே மகள் பட்டாணி. குழந்தையாக இருந்தபோது மூக்கில் பட்டாணியைத் திணித்துக்கொண்டு ஊரையே கூட்டியதால் வந்த பெயர், வளர்ந்தும் போகவில்லை. படிப்பு முடிந்ததும் எங்கள் லைனிலேயே பொத்தான் மெஷினுக்கு வந்தாள். அண்ணனுக்கு இஷ்டமில்லை. "என் கண் முன்னாடி இருப்பா, விடுங்க" என்று அண்ணிதான் சம்மதிக்க வைத்தார். வாய் ஓயாமல் பேசுவாள். விசிலைப் போலவே விசில் ஊதிக் காட்டுவாள், அவர் திரும்பிப் பார்க்கும்போது பொத்தானில் கண்ணாக இருப்பாள். அவள் வந்த பிறகு பொழுது போவதே தெரியவில்லை.

அவளுக்கும் எரிச்சல் வந்தது. ஒரு முறை அல்ல, அடிக்கடி. அண்ணி அவளுக்கும் டப்பாவிலிருந்து கொடுத்தார், ஆனால் மற்றவர்களுக்கு இரண்டு கொடுத்தால் அவளுக்கு ஒன்று. மற்றவர்களுக்கு ஒன்று கொடுக்கும் நாளில் அவளுக்கு அரை. தனக்கு மிஞ்சித்தான் தானம் என்று எல்லாருக்கும் தெரியும், அண்ணிக்கு அது தலைகீழாகத் தெரியும். "என் பொண்ணுன்னு அள்ளிக் குடுத்தேன்னு நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது" என்பார். நானே ஒரு முறை சத்தம் போட்டேன்.

"அவ என்ன மூத்தாள் பெத்த பொண்ணா? இன்னொண்ணு குடுங்க அண்ணி."

"நின்னுடுச்சுன்னு சொல்றாளே. எதுக்கு வீணா?"

"நின்னுடுச்சு அத்தை" என்றாள் பட்டாணியும். அவள் அம்மாவுக்கு ஏற்ற மகள். நின்றதென்னவோ உண்மைதான். கொஞ்ச நாள் கழித்து மறுபடி வரும், மறுபடி அரை, மறுபடி நிற்கும். போகப்போக நிற்பதற்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடித்தது. மாத்திரை பழசாகிவிட்டது என்று அண்ணி புது அட்டை வாங்கி வந்தார்.

அன்றைக்கு மதிய சாப்பாட்டுக்குப் பிறகு பொத்தான் மெஷின் சத்தம் நின்றது. திரும்பிப் பார்த்தால் பட்டாணி மெஷின்மேல் கவிழ்ந்து கிடக்கிறாள், பல் அடித்துக்கொள்கிறது, ஒரு கையால் விலாவுக்குக் கீழே முதுகை அழுத்திப் பிடித்திருக்கிறாள். தொட்டால் இஸ்திரிப்பெட்டி மாதிரிச் சூடு. விசில் பதறிப்போய்க் கம்பெனி வண்டியை வரவழைத்தார். தன்னோடு எங்களில் ஒருத்தர்தான் வரலாம் என்றார். அண்ணி போனார். எங்களை உட்கார்ந்து தைக்கச் சொன்னார்கள், நாங்களும் தைத்தோம். அன்றைக்கு நான் வைத்த பாக்கெட்டுகள் எந்தப் பக்கம் இருந்தனவோ, கடவுளுக்குத்தான் தெரியும்.

கம்பெனிக்காரர்கள் வழக்கமாக அனுப்புகிற சின்ன ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அங்கே நடந்ததை அண்ணி பிற்பாடு என்னிடம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறார். டாக்டர் கட்டிலுக்கு ஒரு பக்கம், அண்ணி மறுபக்கம், கால்மாட்டில் விசில். கம்பெனிக்குள் மாத்திரை வைத்திருந்தால் வேலை போய்விடும் என்று போர்டே இருக்கிறது. டாக்டர் கேட்டார், "இதுக்கு முன்னாடி எரிச்சல் இருந்துச்சா? ஆன்டிபயாடிக் ஏதாவது சாப்பிட்டிருக்காங்களா?"

அண்ணி விசிலைப் பார்த்தார். தன் வேலை மட்டும் போகாது, டப்பாவில் கை வைத்த அத்தனை பேர் வேலையும் போகும்.

"இல்ல சார்" என்றார்.

டாக்டர் பட்டாணியைப் பார்த்தார். அந்தக் காய்ச்சலிலும் அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினாள், இல்லை என்று.

கிருமி சிறுநீரகத்துக்கு ஏறியிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பரிசோதனைக்குச் சிறுநீரும் ரத்தமும் எடுத்துப் பெரிய ஆஸ்பத்திரி லேபுக்கு அனுப்பினார். முடிவு வரும்வரை சும்மா இருக்க முடியாதே, பாட்டிலில் ஒரு மருந்தை ஏற்றத் தொடங்கினார். அதில் எழுதியிருந்த பெயர் நீளமாக, வேறாக இருந்தது. அது டப்பாவில் இருந்ததன் உடன்பிறப்பு என்று அண்ணிக்கு எப்படித் தெரியும்? டாக்டரையும் குறை சொல்ல மாட்டேன். கேட்டார், இல்லை என்றோம்.

வேலை முடிந்து நானும் அண்ணனும் ஓடியபோது பட்டாணிக்கு நினைவு இருந்தது. "அத்தை, என் மெஷின்ல யாரு உட்கார்ந்தா?" என்று கேட்டாள். மறுநாள் பேச்சு குழறியது. பாட்டில் மேல் பாட்டிலாக ஏறியது, காய்ச்சல் ஒரு புள்ளிகூட இறங்கவில்லை. சாயந்தரம் அண்ணி தாங்க முடியாமல் டாக்டர் அறைக்குள் நுழைந்து, கதவைச் சாத்திவிட்டு, டப்பாவைப் பற்றி எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டர் கத்தவில்லை. "இதை முதல்லயே சொல்லியிருந்தா வேற மருந்துல ஆரம்பிச்சிருப்பேனேம்மா" என்றார். உடனே மருந்தை மாற்றினார். பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார். லேபிலிருந்தும் போன் வந்தது, அந்த ஜாதி மருந்து இந்தக் கிருமிக்குக் கேட்காது என்று அவர் பயந்ததையே அவர்களும் சொன்னார்கள்.

புது மருந்துக்குக் கிருமி அடங்கியது என்றுதான் பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். அதற்குள் விஷம் ரத்தமெல்லாம் பரவி, சிறுநீரகம் நின்று, ஒவ்வொன்றாக எல்லாம் நின்றுபோயின. கண் கெட்ட பிறகு என்னத்தைச் செய்து என்ன. பட்டாணி போய்விட்டாள்.

அண்ணன் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம் என்று எனக்கு இன்றைக்கும் ஆத்திரம் வருகிறது. வண்டி ஓட்டிவிட்டு வருவார், சுவரைப் பார்த்துச் சாப்பிடுவார், படுப்பார். திட்டாத வீட்டில் குற்றவாளி எங்கே போய் அழுவாள்? அண்ணி வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். அழவும் இல்லை. ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பிடித்துக்கொண்டார்: அந்த மாத்திரை ஏன் கேட்கவில்லை என்று தெரிய வேண்டும்.

பெரிய ஆஸ்பத்திரியில் அவளுடைய தாள்களை வாங்கப் போன நாளில் என்னையும் இழுத்துக்கொண்டு லேபுக்குப் போய்விட்டார். அங்கே இருந்த டாக்டரம்மாவுக்குப் பாவம், எங்களை எப்படித் துரத்துவது என்று தெரியவில்லை. உட்காரச் சொன்னார். ஒரு கண்ணாடித் தட்டைக் காட்டினார். அது வேறு யாரோ நோயாளியுடையது, ஆனால் இதே கதைதான் என்றார். தட்டு முழுக்கக் கிருமி மாவு பூசியது போலப் படர்ந்திருந்தது. அதில் பொட்டு அளவில் காகித வில்லைகள், ஒவ்வொன்றிலும் ஒரு மருந்து. மருந்து வேலை செய்கிற வில்லையைச் சுற்றிக் கிருமி இல்லாமல் வட்டமாகத் துடைத்துவிட்டது போல இருந்தது. எங்கள் எரிச்சல் மாத்திரையின் வில்லையில் மட்டும் வட்டமே இல்லை. கிருமி ஓரம் வரை வந்து ஒட்டி நின்றது.

"கிருமிக்குள்ள டி.என்.ஏன்னு ஒரு நூல் இருக்கும்மா" என்றார் டாக்டரம்மா. "ரெண்டு இழை சேர்த்து முறுக்கின நூல். கிருமி ஒண்ணு ரெண்டாகணும்னா முதல்ல அந்த நூலை நகல் எடுக்கணும். அதுக்கு ரெண்டு இழையையும் பிரிச்சுக்கிட்டே போகணும்."

"இந்தப் பக்கம் பிரிச்சா அந்தப் பக்கம் முறுக்கு ஏறிக்குமே" என்றார் அண்ணி. நூலோடு காலம் தள்ளிய எங்களுக்கு இது ஒரு விஷயமா?

"அதேதான். அந்த முறுக்கை எடுக்கக் கிருமிகிட்ட ஒரு என்சைம் இருக்கு. நூலை வெட்டும், முறுக்கை விடும், வெட்டின இடத்தை மறுபடி ஒட்டும். நகல் எடுத்த ரெண்டு நூலும் ஒண்ணோட ஒண்ணு மாட்டிக்கிட்டா அதைப் பிரிச்சு விட இன்னொரு என்சைம். உங்க மாத்திரை என்ன பண்ணும்னா, அது வெட்டின நேரம் பார்த்து அந்த வெட்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். ஒட்ட விடாது. நூல் துண்டு துண்டாப் போய்க் கிருமி செத்துடும்."

"அப்போ இது ஏன் சாகல?"

"கோடிக்கணக்குல பெருகும்போது நகல்ல பிழை வரும்மா. எங்கேயோ ஒரு கிருமிக்கு அந்த என்சைம் ஒரு இடத்துல லேசா மாறிப் பிறக்கும். மாத்திரை வந்து உட்கார்ற அதே இடம். அதனால சரியா உட்கார முடியாது. ஆனாலும் மருந்து நிறைய இருந்தா அதுவும் பெரும்பாலும் செத்துடும். கொஞ்சமா இருந்தா மத்ததெல்லாம் சாகும், அது மட்டும் மிஞ்சும். எரிச்சல் நின்னுடும், ஏன்னா முக்காவாசி செத்துப்போச்சு. ஆனா மிஞ்சினது அது. அடுத்த தடவை பெருகுறது அதோட பிள்ளைங்க. அதுல ஒண்ணுக்கு ரெண்டாவது என்சைமும் மாறியிருக்கும். அதுக்கடுத்து இன்னொரு கிருமியில, உள்ளே வந்த மருந்தை வெளியே இறைச்சுக் கொட்டுற பம்ப் அதிகமா வேலை செய்யும். ஒவ்வொரு தடவையும் ஒரு படி. சில சமயம் எதிர்க்கிற குணத்தைப் பக்கத்துக் கிருமிக்கே எடுத்துக் கொடுத்துடும்."

"பழகிடுச்சு, இல்ல?" என்றேன் நான்.

"பழகல. பழகுறதுக்கு அதுக்குப் புத்தி இல்லை. சாகாதது மட்டும் தங்கிடுச்சு, அவ்வளவுதான்."

அண்ணி அந்தத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டாக்டரம்மாவுக்கு மனசு கேட்கவில்லை போல. கோழிப்பண்ணையில்கூட இந்த ஜாதி மருந்தைப் போடுகிறார்கள், சாக்கடை வரைக்கும் இந்தக் கிருமி இருக்கிறது, எரிச்சலே இல்லாதவர்கள் வயிற்றிலும் இருக்கலாம், உங்கள் பெண்ணுக்கு எங்கேயிருந்து வந்தது என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது என்றார். எவ்வளவு நல்ல மனசு. வெளியே வந்ததும் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அவங்க என்ன வேணா சொல்லட்டும். எனக்குத் தெரியும்" என்றார். வராந்தாவிலேயே உட்கார்ந்து அப்போதுதான் அழுதார். பட்டாணி போன பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான். நானும் அழுதேன். வருகிறவர்கள் போகிறவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை லைன்காரிகள் சிலர் அண்ணியைப் பார்க்க வந்தார்கள். வழக்கம்போல எல்லாரும் பட்டாணியின் குறும்புகளைச் சொல்லிச் சிரிக்கப் பார்த்து அழுதார்கள். கிளம்பும்போது காலர்காரி வாசலில் என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனாள். முகம் கோணியிருந்தது.

"தப்பா நினைக்காதே. நேரங்கெட்ட நேரத்துல கேக்குறேன். ரொம்ப எரியுது. உங்க அண்ணிகிட்ட ரெண்டு இருக்குமா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவளை அங்கேயே அறைந்திருப்பேன். வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சுகிறாளே என்று வாயைத் திறந்தேன். அதற்குள் பின்னால் அண்ணி செருப்பை மாட்டுகிற சத்தம் கேட்டது. அவர் காதில் விழுந்துவிட்டது. "காய்ச்சல் இருக்கா? முதுகு வலிக்குதா?" என்று காலர்காரியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். "வா" என்றார். அவள் வேண்டாம் வேண்டாம் என்று பின்வாங்க, கையைப் பிடித்து நடத்திக்கொண்டு போனார். நானும் பின்னால் ஓடினேன்.

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் ஓர் இளம் டாக்டர் இருந்தார். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அந்தக் கேள்வியையும் கேட்டார், "இதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் ஏதாவது எடுத்திருக்கீங்களா?"

காலர்காரி தரையைப் பார்த்தாள். அங்கே விசிலும் இல்லை, ஒருத்தரும் இல்லை. இருந்தாலும் பழக்கம்.

"இல்லீங்க" என்றாள்.

"பொய் சொல்றா டாக்டர்" என்றார் அண்ணி. "சாப்பிட்டிருக்கா. நிறைய தடவை. ஒரு தடவைகூட முழுசா சாப்பிடல. சிப்ரோ. ஒண்ணு, இல்லைன்னா ரெண்டு, எரிச்சல் நின்னதும் நிறுத்திடுவா. எல்லாம் நான்தான் குடுத்தேன். அது இவளுக்குக் கேட்காது, வேற குடுங்க. டெஸ்ட் பண்ணிப் பார்த்துக் குடுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார். அண்ணியின் வயசைப் பார்த்து, பிடித்திருந்த கையைப் பார்த்து, "நீங்க இவங்க அம்மாவா?" என்று கேட்டார்.

அண்ணி காலர்காரியின் கையை விடவில்லை.

"இல்ல டாக்டர்" என்றார். "அம்மாவா இருந்திருந்தா இதைவிடக் கம்மியாத்தான் குடுத்திருப்பேன்."